நடுக்கதவும் அரை வாளித் தண்ணியும்

என்ர கதீஜா ராத்தாவுக்கு,

நீங்கள் மௌத்தாகி, எங்களை விட்டுப் போய் ஒரு வருசமாகப் போகுது. உங்கட அவர் சுகமாக இருக்கிறார். காலமையில் உங்கட கதிரையில் இருந்துதான் தேத்தண்ணி குடிக்கிறார். எங்கட இவரும் இருக்கிறார், வழமைபோலச் சொல்லுக் கேளாமல். உங்கட மருமகனைப் பற்றி ஒரு முறைப்பாடு சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்க முந்தி கதை மாறிப்போச்சு.

வீடு வாங்கின நாட்கள் ஞாபகம் இருக்கா? வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போன வருசம். கடற்படைத் தளத்தில் இவர் கட்டட வரைபடம் கீறுகிறவர், உங்கட அவர் களஞ்சியத்துக்குப் பொறுப்பு. சத்தம் சந்தடியில்லாத அந்த ஒழுங்கையில் பெரிய வீடு விலைக்கு வந்தது. தனியே வாங்க ரெண்டு பேருக்கும் ஏலாது, சேர்ந்தால் ஏலும். உங்கட மூதூர்க் குடும்பமும் எங்கட சல்லிக் குடும்பமும் ஒரு கூரைக்குக் கீழேயா என்று ரெண்டு ஊரிலும் ஒரே கதை. "கதைக்கிற வாய் கதைக்கட்டும், நாம சாமானைக் கட்டுவம்" என்றது நீங்கள்தான்.

ஆம்பிளைகள் ரெண்டு பேரும் அளவு நாடாவோடு மூன்று ஞாயிற்றுக்கிழமை வளவெல்லாம் ஓடித் திரிந்தார்கள். அறைக்கு அறை, நிலத்துக்கு நிலம், ஒரு அங்குலம் பிசகாமல் நடுவால் கோடு கீறினார்கள். நொத்தாரிசிடம் போய் வீட்டு உறுதியும் எழுதி முடித்தாகிவிட்டது. குடிவந்த முதல் நாள் காலமைதான் தெரிந்தது, கிணறு உங்கட பாதியில், கக்கூஸ் எங்கட பாதியில். கப்பல்துறைக்கே படம் கீறுகிற மனிசனுக்கு, சனம் காலமையில் எழும்பி எங்கே போகும் என்று தெரியவில்லை.

நான் தலையில் அடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கிணற்றுக்கட்டில் இருந்து வயிறு நோகச் சிரித்தீர்கள். "விடு மகேசு. நீ இங்க வா, நான் அங்க வாறன்." ரெண்டு பாதிக்கும் இடையில் அடைக்கிறதாக இருந்த நடுக்கதவு அன்றைக்கு அகலத் திறந்ததுதான், திறந்தபடியே கிடந்தது. நீங்கள் கக்கூசுக்கு வாளியோடு வருவீர்கள். போகிற வழியில் பாதியை என்ர குடத்தில் ஊற்றிவிட்டுத்தான் போவீர்கள்.

ஒரேயொரு தரம் சண்டை பிடித்தோம். அண்ணன் சல்லியிலிருந்து கொண்டுவந்த கருவாட்டை உங்கட கிணற்றுக்கட்டில் காயப்போட்டேன், உங்கட பூனை தின்றது. ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல்லி, கதவையும் சாத்திப்போட்டேன். எனக்கு அயலில் தண்ணி வாங்கலாம். பாவம், நீங்கள் எங்கே போவீர்கள்? மத்தியானம் கதவில் தட்டுக் கேட்டது. "தண்ணி கொண்டு வந்தனான். கதவைத் திற, அவசரம்." சிரிப்பில் எனக்குத் தாழ்ப்பாளை இழுக்கவே ஏலாமல் போச்சு.

இனி இப்போதைய கதை. வீடு பெண்பிள்ளைக்கு என்பது நம்ம ரெண்டு பக்கத்திலும் வழமைதானே. உங்கட பாதியில் இப்போது உங்கட மகள் ஜெசீமாவும் புருசனும் இருக்கினம். அவள் இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. மாரி மழையில் வழுக்கி விழுந்துவிடுவாள் என்று மருமகன் உங்கட பக்கத்திலேயே புதுக் கக்கூஸ் கட்டத் தொடங்கினார். அது நியாயம், நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என்னிடம் வந்து, "மாமி, உங்களுக்கும் பைப் தண்ணி வந்திட்டுது. இனி நடுக்கதவு என்னத்துக்கு? கல்லு வைச்சு அடைச்சிட்டால் ரெண்டும் தனி வீடு" என்றார்.

மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் நெஞ்சு பத்தியெரிந்தது. "நீங்கள் அடைக்க முந்தி நானே சாத்துறன்" என்று மருமகனுக்குச் சொல்லி அடித்துச் சாத்தினேன். என்ர வாய் உங்களுக்குத் தெரியாததா? மூன்று நாள் பைப் தண்ணியில் தேத்தண்ணி போட்டேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

மூன்றாம் நாள் பின்னேரம் வேலை முடிந்து மேசன் போகிற சத்தம் கேட்டது. இனி ஆர் வரப்போகினம் என்று கதவடியில் குந்தியிருந்து அழுதேன், ராத்தா. உங்கட மையத்தை அடக்கக் கொண்டுபோன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. அப்போது அந்தப் பக்கம் வாளி வைக்கிற சத்தம்.

"சாச்சி, தண்ணி கொண்டு வந்தனான். கதவைத் திறவுங்கோ."

உம்மாவின் தங்கச்சியைக் கூப்பிடுகிற முறையில் சின்ன வயசிலிருந்தே என்னை அப்படித்தானே கூப்பிடுகிறாள். திறந்தேன். அரை வாளித் தண்ணியோடு, வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"உனக்குத்தான் அங்க கட்டியாச்சே, பிள்ளை?"

"ஓம், அது அவருக்கு. நான் இங்கதான் வருவன்."

பின்னால் மருமகன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கதவடைக்க வாங்கின கல்லை இப்போது கிணற்றடியிலிருந்து நடுக்கதவு வரைக்கும் வழுக்காமல் பதிக்கிறார். அளக்க வருகிறேன் என்று இவர் நாடாவை எடுத்தார். நான் பறித்து அலுமாரியில் பூட்டிவிட்டேன்.

ஒன்றுக்கும் யோசியாதீர்கள், ராத்தா. குழந்தை பிறந்து நாற்பது நாள் முடியுமட்டும் உங்கட மகளுக்குக் குளிக்கத் தண்ணி சுடவைக்கிறது நான். தண்ணி உங்கட கிணற்றில் அள்ளுவேன், அடுப்பு எங்கட குசினியில் எரியும். வாளியோடு நான் வந்து போக அந்தக் கதவு திறந்தே கிடக்கும்.

உங்கட தங்கச்சி,
ஜெசீமாவின் சாச்சி,
மகேசு