அன்ரனா பார்த்த திசை

மாசி 3, செவ்வாய்

காலையில் நல்ல பனி. துணி காயவில்லை. பின்னேரம் பழைய மாணவர் சங்கக் கூட்டம். அச்சுக்குப் போகவிருக்கும் சங்க மலரில் 12ஆம் பக்கம்: 'தொலைக்காட்சியில் செய்தி வாசித்த முதல் தமிழ்ப் பெண், எங்கள் செல்வராணி.' ஆதாரம் எங்கே என்றேன். ஊருக்கே தெரியும் என்றார்கள். ஊருக்குத் தெரிந்தது அச்சுக்குப் போதாது என்று வாய் கொடுத்தேன். சரிபார்க்கும் வேலை என் தலையில். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே.

வாங்க: நெருப்புப்பெட்டி, சவர்க்காரம், பூனைக்குச் சூடை மீன்.

மாசி 5, வியாழன்

வெயில். ஸ்கூட்டியில் சண்டிலிப்பாய். சாட்சி: துரைராசா அண்ணை. ஊரில் முதலில் ரீவி வாங்கியவர். செல்வராணி அக்கா செய்தி வாசித்ததைக் கண்ணால் கண்டவராம். மயில்பச்சைச் சேலை என்றார். ரீவியோ கறுப்பு வெள்ளை.

கூரையில் ரீவி அன்ரனா எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று கேட்டேன்.

"வேறை எங்கை, வடக்காலைதான். இந்தியாப் படம் பாக்கத்தானே பெட்டி வாங்கினது."

அக்கா வேலை செய்தது தெற்கே, கொழும்பில். அண்ணை பார்த்தது யாரோ ஒரு தமிழ்நாட்டுப் பெண்ணை. சொல்ல மனம் வரவில்லை. இரண்டாம் தேத்தண்ணீரும் குடித்துவிட்டு வந்தேன்.

மாசி 7, சனி

உரும்பிராய். அக்கா வாழ்க்கைப்பட்ட வீடு. கணவர் சிவம் மாஸ்டர் வெங்காயத் தோட்டத்தில். நல்லகாலம்.

மெதுவாகக் கேட்டேன். அக்கா வயிறு குலுங்கச் சிரித்தார். செய்தி வாசித்ததே இல்லையாம். கமரா பிடித்தவர்! வாசிப்பவருக்கு முன்னால், இருட்டில், ஹெட்போனும் மாட்டிக்கொண்டு. கமரா பிடிக்கிற பெட்டையை யார் கட்டுவார்கள் என்று பயந்து, அவருடைய அப்பாதான் கலியாணப் பேச்சில் 'செய்தி வாசிக்கிறாள்' என்று சொல்லிவிட்டார். கலியாணத்தோடு வேலை போயிற்று. பொய் மட்டும் நின்றது.

பிறகு சிரிப்பும் நின்றது. "மாஸ்டருக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது. மலரிலை பாத்துத்தான் அவர் அறிய வேணுமோ, பிள்ளை?"

பக்கத்தையே எடுத்துவிடலாம். ஆனால் கமரா பிடித்த பெண்ணும் சேர்ந்து போய்விடுவார். அது எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவுக்கும்தான். நாளை தானே சொல்கிறாராம். நான் பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.

மாசி 8, ஞாயிறு

மூட்டம். பூனை சூடையைத் தொடவில்லை. மகாராணி.

4 மணி, உரும்பிராய். அக்கா தேத்தண்ணீரை வைத்துவிட்டு, நின்றபடியே, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மாஸ்டர் வடை கடித்தபடி கேட்டார். நான் சுவர்க் கலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். 

"எனக்குத் தெரியுமப்பா. பேச்சு வந்த கையோடை எங்கடை அன்ரனாவைத் தெற்காலை திருப்பினனான். ஒரு மாதம் ஒவ்வொருநாளும் செய்தி பாத்தன். உம்மைக் காணேல்லை."

"அப்ப ஏன் ஓமெண்டனீங்கள்?"

"உம்மைப் பாக்கத்தானே திருப்பினனான். செய்தி கேக்கவே?"

இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்டார். நீர் சொல்லுவீர் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார் மாஸ்டர். அடுத்த வடையும் எடுத்தார். அக்கா அழுதாரா சிரித்தாரா தெரியாது. நான் அழுதேன்.

12ஆம் பக்கம் திருத்தியாயிற்று: 'தொலைக்காட்சி வந்த புதிதில் கமரா பிடித்த எங்கள் செல்வராணி.' 'முதல்' எடுத்துவிட்டேன். அதற்கு ஆதாரம் இல்லை. மற்றதற்குச் சாட்சி கேட்டால், ஒரு மாதம் பார்த்தும் அவரைத் திரையில் காணாத ஒருவர் உரும்பிராயில் இருக்கிறார்.