வளைவில் நிற்கும் டப்பா

என் கண்ணு கோகுல்,

உன் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் படம் போட்டு முடித்துவிட்டேன். நீ போன பிறகு வேறு எதிலும் கை ஓடவில்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் நம் வீட்டு முன்னால் ஏற்காடு பஸ் கியர் மாற்றும்போதெல்லாம், பின்னாலேயே உன் லோடு வண்டியும் வருகிறது என்று காது நினைத்துக்கொள்கிறது. காதுக்கு யார் எடுத்துச் சொல்வது?

பகலெல்லாம் மலைக்குத் தண்ணீர்க் கேன் ஏற்றிப் போவாய். சாயங்காலம் வந்து, நீயாகக் கற்றுக்கொண்டதை வைத்து அதே மலைப்பாதையைக் கம்ப்யூட்டரில் கட்டிக்கொண்டிருப்பாய். சாம்பல் பட்டைதான் ரோடு. பழுப்பு டப்பாதான் வண்டி. நான் சூரமங்கலத்தில் பேனர் டிசைன் செய்கிறவள், எனக்குப் பொறுக்காது.

"டப்பாவ எவன்டா ஓட்டுவான்? ஒரு மரமாச்சும் வையி."

"படம் அப்பறம் பாத்துக்கலாம்க்கா. மொதல்ல வண்டி வண்டியாட்டம் போகோணும்."

பார்க்க நன்றாக இல்லாததை யாரும் தொடவே மாட்டார்கள் என்பேன். தொட்டவன் திரும்ப வருவதற்குப் படம் போதாது என்பாய். அம்மா நடுவில் தோசையை வைத்துவிட்டுப் போவாள். அந்தப் பேச்சு முடிவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவன் நடந்து வரவில்லை.

பிறகு நான் வரைந்தேன். பனி, சில்வர் ஓக் மரங்கள், கைப்பிடிச் சுவரில் குரங்குகள், மழையில் நனைந்த ரோட்டின் மினுமினுப்பு. கடைசியாக, ஓட்டுகிற இருக்கையில் உன் முகம். சிரித்தால் உன் உதடு ஒரு பக்கம் ஏறுமே, அதுகூட விடவில்லை. ஒரு மத்தியானம் அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"மூக்கு, வாயெல்லாம் அவனுதுதான் சாமி. ஆனா இது யாரு?"

மறுபடி பார்த்தபோது, எனக்கும் அது யாரோவாகத்தான் தெரிந்தது.

அம்மா பழைய டப்பாவைக் கேட்டாள். போனில் போட்டுக் கொடுத்தேன். தடுமாறித் தடுமாறி மலையேறினாள். ஒரு கொண்டை ஊசி வளைவில், மேலிருந்து இன்னொரு டப்பா இறங்கி வந்தது. வளைவுக்கு முன்னாலேயே ஓரங்கட்டி நின்றது. விளக்குக்காக நீ வைத்த வெள்ளைப் புள்ளிகள் அணைந்து அணைந்து எரிந்தன. அம்மாவின் விரல் அப்படியே நின்றுவிட்டது.

மலையிறங்கும்போது, ஏறி வருகிறவனுக்கு வழி விட்டு நிற்பது உன் பழக்கம். உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்த எங்கள் இருவருக்கும் அது தெரியும். "லோடோட ஏறறவன் நின்னுட்டா மறுக்கா எடுக்கறது செரமம்மா" என்பாய்.

அம்மா நகரவில்லை. எதிரே நின்ற டப்பாவும் நகரவில்லை.

கம்ப்யூட்டர் வேலை தெரிந்த உன் கூட்டாளி மணியை வரச் சொன்னேன். நீ எழுதிய புரோகிராமைத் திறந்து படித்தான்.

"எதிர் வண்டி தாண்டற வரைக்கும் நிக்கோணும்னு எழுதியிருக்கான்ங்க அக்கா. எத்தன நேரம்னு எழுதல. இப்படியே உட்டா, ஆடறவங்க கேம் மாட்டிக்கிச்சுன்னு நெனப்பாங்க. ஒரு அளவு வெச்சறலாங்களா?"

ஏன் எழுதவில்லை கோகுல்? மறந்துவிட்டாயா?

வேண்டாம் என்று மணியிடம் சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானா என்று பயமாகவும் இருந்தது. ஏனென்றால் அன்றிலிருந்து அம்மா தினமும் அந்த வளைவு வரை ஏற்றிப் போய் நிறுத்திக்கொள்வாள். போன் சார்ஜரில் கிடக்கும். சோறு ஆறிப்போகும். தாண்டினால் அந்த டப்பா இறங்கி மறைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அம்மா அசந்த நேரத்தில் நானும் போய்ப் பார்ப்பேன். புள்ளிகள் அணைந்து எரியும். பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன்.

உன் முகத்தை அழித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருட்டை மட்டும் விட்டேன். படங்களின் கனத்தில் வண்டி திக்கித் திக்கிப் போனதால் மரங்களையும் குறைத்தேன். பனியை எடுக்கவில்லை. பனிக்குள் அந்த விளக்குகள் தெரிய வேண்டுமே என்று மஞ்சளைத் திரும்பத் திரும்பக் கலந்து பார்த்தேன். ஒருவன் நமக்காக நிற்கிறான் என்பது கண்ணுக்குத் தெரியாவிட்டால், அவன் நின்று என்ன? நம் சண்டையில் தோற்றது நானா, நீயா?

நேற்று இந்தப் படங்களோடு விளையாட்டை அம்மாவிடம் கொடுத்தேன். வழக்கம்போல வளைவில் நிறுத்தினாள். பனி. மஞ்சள் வெளிச்சம்.

"எத்தன நேரந்தான் நிப்பான். அவனும் ஊடு போய்ச் சேரோணுமல்ல."

விரலை அழுத்தினாள். எங்கள் வண்டி ஏறியது. உன் வண்டி உரசாமல் பக்கத்தில் இறங்கிப் பனிக்குள் போனது.

இந்த வாரம் விளையாட்டை எல்லோரும் ஆட வெளியே விடுகிறோம். முகம் தெரியாத எத்தனையோ பேர் ஏறி வருவார்கள். என் படங்கள் பழசாகும். பழசானால் புதிதாக வரைவேன். ஆனால் அந்த வளைவில் நீ நிற்பதற்கு ஒரு அளவு வைக்க, நான் இருக்கும்வரை யாரையும் விடமாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி அக்கா