இலையோடு போன ரிடெய்னர்

ஆவணி 8, ஞாயிறு

காலையிலிருந்து மப்பு. மழை இல்லை.

ஒத்துக்கொண்டுவிடுகிறேன்: நேற்று அன்னூர் கல்யாணத்தில், பட்டு வேட்டியோடு, எச்சில் இலைக் கூடைக்குள் முழங்கைவரை விட்டுத் துழாவினேன். கிடைக்கவில்லை. சாப்பிடும்முன் ரிடெய்னரைக் கழற்றி இலை ஓரம் வைத்திருந்தேன். பல்லுக்குக் கட்டிய கம்பியைக் கழற்றியபின் பல் நகராமலிருக்கப் போடுகிற, கண்ணாடி மாதிரி உறை, கண்ணுக்கே தெரியாது. பக்கத்து இலைக்காரர் சம்பந்தி சண்டைக் கதை சொன்னார். சுவாரசியம். பாயசம் முடிந்ததும் மரியாதையாக இலையை மடித்தேன். அதையும் சேர்த்து.

இலை எடுக்கிற அக்கா: "ஏனுங்ணா, மோதரமுங்களா?"

"இல்லீங்க... பல்லுக்குப் போடறது."

"அய்யோ சாமி, பல்செட்டா! பாத்தா அத்தன வயசு தெரியலீங்ளே."

இன்னொன்றும். நாலு மாதமாக அதைப் போடவே இல்லை. நேற்றுதான் பயந்துபோய் அழுத்தி மாட்டினேன். முன்பல் சந்து திரும்ப வந்துவிட்டது. விசிட்டிங் கார்டு நுழைகிறது. வெள்ளிக்கிழமை மகள் கீர்த்திக்கு நிச்சயம்.

திங்கள்

பல் டாக்டர். சின்னப் பெண்.

"தெனமும் போட்டீங்களா சார்?"

"போட்டேனுங்க." வாயைப் பிளந்தபடியே பொய்.

"பல்லு அப்படிச் சொல்லலீங்ளே."

புது உறை செய்தாலும் பல் இப்போது நிற்கிற இடத்தில் பிடித்துவைக்குமாம், அவ்வளவுதான். பழைய வரிசை வேண்டுமானால் மறுபடி கம்பி. வெள்ளிக்குள் ஒன்றும் நடக்காது.

என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்திலும் பல் இல்லை. வாயைப் பூட்டிய சாமியார். மகள் பக்கத்தில் நிற்கும் படத்திலாவது சிரிக்க வேண்டும் என்றுதான் நாற்பத்தெட்டு வயதில், அவளோடு சேர்ந்து கம்பி கட்டினேன்.

செவ்வாய்

வெற்றிலை, பூ, சட்டை அயர்ன். விரலால் பல்லைத் தள்ளியது இருபது நிமிடம். பலன்: விரல்வலி.

மனைவி கோமதி: "ஏனுங்க, அதென்ன கதவா, தள்ளுனா சாத்திக்கறதுக்கு?"

வியாழன்

வழக்கம்போல் கீர்த்தியிடம்: "ரிடெய்னர் போட்டயா கண்ணு?"

"போட்டாச்சுப்பா."

பொறுப்பு. அம்மா வழி.

வெள்ளி

நிச்சயம். நல்ல காற்று. போட்டோக்காரர், "மாமா, கொஞ்சம் சிரிங்க." பூட்டிக்கொண்டேன். மூன்று முறை கேட்டார். கீர்த்தி காதோரம்: "அப்பா, எம்மேல கோவமாங்ப்பா?"

இல்லை என்று தலையாட்டினேன். வாய் திறந்து சொல்லியிருக்கலாம்.

சனி

புடவை கட்டிக்கொண்டே கோமதி ஊக்கு கேட்டாள். கீர்த்தி மேசையில் அவளுடைய ரிடெய்னர் டப்பா. திறந்தேன். ஊக்கு, ஹேர்பின், பொட்டு அட்டை. அடியில் ரிடெய்னர், கிளினிக் கவர்கூடப் பிரிக்காமல். ஆனாலும் நேற்றைய படத்தில் அவள் பல்வரிசை நூல் பிடித்த மாதிரி நேர்.