நீ மிதக்காத ஆறு

என் சதீஷ் அண்ணனுக்கு, எவ்வளவு கோபம் வந்தாலும் உன்னை வேறு எப்படியும் கூப்பிடத் தெரியாத சுபா எழுதுவது.

முந்தாநாள் பள்ளியிலிருந்து சுற்றுலா போனோம். எங்கே தெரியுமா? நீ வேலை பார்த்த பூங்காவுக்குத்தான். "அடுத்த லீவுக்குக் கூட்டிட்டுப் போறேன் மக்ளே" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாயே, அங்கே. நீ போய் எட்டு மாதம் கழித்து, நாற்பது பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தேன்.

பூதப்பாண்டியில் பஸ் கிளம்பியதுமே நான் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். எந்த ரைடு எப்படி இருக்கும் என்று வகுப்பிலேயே எனக்குத்தானே தெரியும்? நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொன்னதில் ஒன்றைக்கூட நான் மறக்கவில்லை. ரோலர் கோஸ்டர் கீழே பாயும்போது வயிற்றுக்குள் குளிர்ந்த மோரை ஊற்றியது போல இருக்கும். ஆற்றுப் படகில் சிரிப்புதான் வரும், பயமே வராது. டியூபில் படுத்துக்கொண்டு மெதுவாகப் போகும் ஆற்றில் உடம்பு இருப்பதே மறந்துபோகும். கையும் காலும் வேறு யாருக்கோ சொந்தம் போல இருக்கும். பக்கத்தில் இருந்த ஷீபா வாயைத் திறந்தபடி கேட்டாள்.

முதலில் ரோலர் கோஸ்டர். மோர் இப்போது வரும், இப்போது வரும் என்று வயிற்றையே கவனித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மேலே ஏறும்போது சங்கிலி டக் டக் என்று இழுக்கும் சத்தத்தில்தான் பயம் இருக்கிறது. உதடு காய்ந்துபோகிறது. விழும்போது எல்லாம் கழுத்துக்கு வந்துவிடுகிறது. யாரோ இப்படிக் கத்துகிறார்களே என்று நினைத்தேன். கத்தியது நான்.

அடுத்து ஆற்றுப் படகு. வட்டமான ரப்பர் படகில் ஆறு பேர் ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்தோம். அது சுற்றிக்கொண்டே போவதால் அடுத்த தண்ணீர் யார் முதுகில் விழும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காத்திருப்பில் சிரிப்பு வரவில்லை அண்ணா. எதிரே இருந்த ஷீபாவின் கண்கள் பெரிதானதை வைத்துத்தான் எனக்குப் பின்னால் என்னமோ வருகிறது என்று தெரிந்துகொண்டேன். மடியில் ஈர நெல்மூட்டை விழுந்தது போல இருந்தது. முழுக்க நனைந்த பிறகுதான் பயம் விட்டது.

"ஏட்டி, நீ சொன்னதுக்கும் இதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்லியே. கனவு கண்டியா?" என்றாள் ஷீபா.

"எனக்க அண்ணன் சொன்னதாக்கும். அவன் தெனமும் ஏறுவான்."

"அப்போ அவனுக்கு ஆண்டவன் வேற ஒடம்பு குடுத்திருக்கான்."

சொன்ன பிறகுதான் நீ இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. "சாரிட்டி" என்று என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மெதுவாகப் போகும் ஆற்றை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

நீ போன அன்று காலையில் ஐசியுவுக்குள் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விட்டார்கள். எலிக்காய்ச்சல் சிறுநீரகம் வரை போய்விட்டது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு உன்னைப் பார்க்கவே பயம். "நீ பாத்துட்டு வா மக்ளே, பின்ன நான் போறேன்" என்றாள். நான் வந்து வலிக்கிறதா என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "வலியே இல்ல மக்ளே. மெதுவாப் போற ஆறு சொன்னேம்லா, அதுல கெடக்கது போல இருக்கு. நீ போய் கணக்குப் பரீட்சை எழுது."

வெளியே வந்து அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். அம்மா முகம் தெளிந்தது. "அப்போ கெடந்து ஒறங்கட்டும், எழுப்பாண்டாம்" என்று உள்ளே போகாமலே, உனக்குக் கஞ்சி வைத்து எடுத்து வர வீட்டுக்குப் போனாள். நான் பரீட்சைக்குப் போனேன். கஞ்சியோடு அம்மா திரும்பி வருவதற்குள் நீ போய்விட்டாய். எட்டு மாதமாக நாங்கள் இருவரும் அந்த ஆற்றை நம்பித்தான் தூங்கினோம்.

டியூபில் படுத்தேன். காற்றடிக்கும் மூக்கு முதுகில் குத்தியது. மருந்து கலந்த தண்ணீர் கண்ணை எரித்தது. பின்னால் வந்த டியூப்கள் தலையில் இடித்தன. நடுவிலுள்ள ஓட்டை வழியாக நழுவிவிடுவேனோ என்று இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். என் உடம்பு இவ்வளவு கனம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. மறந்துபோகிறதா, எங்கே அண்ணா மறந்துபோகிறது?

கரையேறி, செருப்பு வாங்கி வைக்கும் இடத்தில் நின்ற ஜோசப் அண்ணனைச் சட்டையிலிருந்த பெயரை வைத்துக் கண்டுபிடித்து அவரிடம் போனேன். மணவாளக்குறிச்சிக்காரர், உன் கூட்டாளி என்று நீ சொல்லியிருக்கிறாய். நான் யார் என்று சொல்லிவிட்டு, நீ ஒவ்வொன்றிலும் எத்தனை தடவை ஏறியிருப்பாய் என்று கேட்டேன்.

"சதீஷா? அவன் எதுல ஏறுனான்? ஊஞ்சல்ல இருந்தாலே அவனுக்குத் தலை சுத்தும்."

"தெனமும் ஏறுவேன்னு சொல்லுவானே."

"காலையில ஆள விடுறதுக்கு முன்ன வேலைக்காரங்க ஏறி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும், கேட்டியா. அவனுக்க முறைக்கும் நான்தான் ஏறுவேன். எறங்குனதும் நோட்டோட வந்து நிப்பான். 'எப்பிடி இருந்து? சரியாச் சொல்லுலே, எனக்க தங்கச்சி சும்மா விடமாட்டா'ன்னு கேப்பான். தெனமும் ஏறுகவனுக்கு என்ன தோணும்? வெறும் வயித்துல நிப்பேன். மோரு, பழம்னு வாயில வந்ததச் சொல்லி விடுவேன்."

"மெதுவாப் போற ஆறு?"

"அதுல நான் ஏறுனதே இல்ல மக்ளே. அது அவனாச் சொன்னதாட்டு இருக்கும்."

பேச்சிப்பாறை பஸ்ஸில் நீ எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்ததைப் பார்த்தவள் நான். பார்த்ததையெல்லாம் எழுதி வைக்கும் எனக்கு அது உறைக்கவில்லை. மற்றப் பொய்களுக்காக உன்னோடு ஒரு நாள் சண்டை போட்டுவிட்டு விட்டிருப்பேன். ஜோசப் அண்ணனின் பசியை நினைத்துச் சிரித்தும் இருப்பேன். ஆனால் அந்த ஒன்றை மட்டும் ஏன் என் வாயால் அம்மாவுக்குச் சொல்ல வைத்தாய்? நான் பரீட்சை எழுதவா? அந்த மதிப்பெண்ணை உனக்கு நான் சொல்லப்போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள். "அண்ணன் சொன்னது போல இருந்துதா மக்ளே?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. நீ செய்ததும் அதுதானே என்று தோன்றியது.

"இல்லம்மா. அவன் எதுலயும் ஏறினதே இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா இன்னும் இரண்டு துணியை மடித்தாள். "அப்போ அன்னைக்கு அவனுக்கு வலிச்சிருக்கும்."

"வலிச்சிருக்கும்மா."

"நான் உள்ள போயிருக்கணும்" என்றாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. அம்மா மடித்த துணியில் முகத்தை வைத்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

இந்தக் கடிதம் பள்ளி ஆண்டு மலரில் வரப்போகிறது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று முடித்தால் நன்றாக இருக்கும் என்றார் டீச்சர். எனக்கு அப்படி எழுத வரவில்லை. என்றைக்காவது வந்தால் உன்னிடம்தான் முதலில் சொல்வேன்.

இப்போது ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இனி எனக்கு வேண்டியவர் யாராவது படுக்கையில் கிடந்துகொண்டு வலிக்கவில்லை, நீ போ என்று சொன்னால் நான் போகமாட்டேன். அம்மாவையும் உள்ளே கூப்பிடுவேன். எந்தப் பரீட்சை இருந்தாலும் பக்கத்திலேயே இருப்பேன்.

கோபம் தீராத உன் ஒரே தங்கை,
சுபா