ஏலக்காட்டில் புதைத்த ஜாடி

ஜார்ஜியாவில் டாக்டருக்குப் படிக்கும் அக்காவுக்கு,

வண்டன்மேடு வாழ் பெருமக்களுக்கு அறிவிப்பது: அம்மாவின் ஊறுகாய் ஜாடியைக் காணவில்லை.

நீ தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாவின் மகன் லூக்காவோடு திராட்சை மிதிக்கும் படம் பார்த்தேன். மிதிபட்டது நான்தான். "இங்கயும் எனக்கொரு தம்பி கிடைச்சிட்டான்மா" என்றாயாமே! அந்த ஊர் வழக்கப்படி மண்ணில் ஜாடியைப் புதைத்து ஒயின் செய்ய அவனுக்கு மட்டும்தான் தெரியுமா? கம்பம் திராட்சையை நானே மிதித்து, ஜாடியில் நிரப்பி, அன்றே வாயைக் களிமண்ணால் இறுக்கி மூடி, ஏலச்செடிகளுக்கு நடுவே புதைத்தேன். அவனுடையதைவிட என்னுடையது பிரமாதம்.

சரி, பொய். நுரை பொங்கி அடங்கும் முன்பே மூடிவிட்டேன், ஜாடி வெடித்துவிட்டது. "உங்க அக்கா வரட்டும், இருக்குடா உனக்கு!" என்கிறார் அம்மா.

எப்போது மூடுவதென்று லூக்காவிடம் கேட்டு எழுதாதே. லீவுக்கு நீயே வந்து காட்டு.

உன் ஒரிஜினல் தம்பி