நீ ஏற்றி வைத்த வேகம்

இன்று காலை உன் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினேன். விசிறியை ஒட்டிப் பஞ்சு மெத்தையாகப் படிந்து கிடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கடைக்குள் பஞ்சு வர வழியே இல்லை. ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தை ஒட்டியிருந்த உன் வீட்டுப் பஞ்சு இது. பிரஷால் தட்டித் தட்டித் தும்மினேன், தும்மிக்கொண்டே அழுதேன்.

உன் வீட்டிலிருந்து கிளம்பும் யாரும் வாசலில் நின்று தலையில் படிந்த பஞ்சைத் துண்டால் தட்டாமல் தெருவில் இறங்கமாட்டார்கள். கல்யாண வீடியோ எடிட் செய்ய நான் பஸ் பிடித்து வந்துபோன நாட்களில் எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

நம் இருவருக்கும் இருந்தது இந்த ஒரு லேப்டாப்தான். சேத்தூர்க் கல்யாண வீடியோ ஒன்றை முடிக்க அது ஒரு பகலையே தின்றபோது, கிராபிக்ஸ் கார்டின் வேகத்தைக் கம்பெனி வைத்த அளவுக்கு மேலே ஏற்றப்போவதாகச் சொன்னாய். நான் அலறிவிட்டேன்.

"ஏட்டி, வெடிச்சிரப் போகுது!"

"வோல்டேஜத் தொடவே மாட்டேன். வேகத்த மட்டும் துளித்துளியா ஏத்துவேன். ஒவ்வொரு தடவையும் செத்த நேரம் நல்லா வேலை வாங்கிப் பாப்பேன். சூடு ஏறுனாலோ, திரையில புள்ளி விழுந்தாலோ இறக்கிருவேன். நீ சும்மா இரு."

பஸ் நிற்பதற்குள் குதித்து இறங்குகிறவள் நீ. அந்த மிஷினிடம் மட்டும் உனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பொறுமை வந்ததோ! கலர் புள்ளிகள் தெரிந்ததும் கொஞ்சம் பின்வாங்கி, அந்த அளவிலேயே நிறுத்தி, வேகத்தை மாற்றும் மென்பொருளில் சேமித்துவிட்டாய்.

கோடையில் லேப்டாப்பின் சூடு எகிறியது. வேகத்தைக் குறைத்தாய், அடங்கவில்லை. இன்னும் குறைத்தாய். "நீ ஏத்துனதுதான் காரணம்" என்றேன். "நீ மெத்தை மேல வச்சதுதான் காரணம்" என்றாய். பேச்சையே நிறுத்திக்கொண்டோம். அன்று சாயங்காலம் நான் கோபமாகக் கிளம்பியபோது, வாசலில் துண்டால் என் தலையைத் தட்டிவிட்ட நீ அப்படியே நின்றாய்.

"ஏட்டி, நம்ம தலையிலயே இம்புட்டு இருக்கே. அது வயித்துல எம்புட்டு இருக்கும்?"

உள்ளே ஓடிப்போய் லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்தோம். விசிறி சுற்றவே இடமில்லை! பஞ்சோடே வாழ்ந்ததில் நம் இருவர் கண்ணுக்கும் அது ஒரு தூசியாகவே தோன்றவில்லை. சுத்தம் செய்து, பழைய வேகத்தைத் திரும்ப வைத்தாய். வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு இன்றைக்கும் ஏங்குகிறேன்.

பிறகு ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. "இதப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஏலாது தாயி, நீயே வச்சுக்க" என்று உன் அம்மா லேப்டாப்பை என் கையில் கொடுத்தார்கள். நீ வைத்த வேகத்தை நான் தொடவே இல்லை. அது ஓடும்போதெல்லாம் நீ பக்கத்தில் இருப்பதாக ஒரு நினைப்பு.

இப்போது செட்டியார்பட்டிக் கல்யாணம் ஒன்றை எடிட் செய்யும்போது திரையில் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. வேகத்தை இறக்க வேண்டும், தெரியும். கை வரவில்லை. பஞ்சாகத்தான் இருக்கும், பஞ்சாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் இன்று திறந்தேன். சுத்தம் செய்தபின் சூடு குறைந்தது. மணப்பெண்ணின் முகத்தில் புள்ளிகள் மட்டும் போகவில்லை. கார்டுக்கு வயதாகிவிட்டது, உன் வேகத்தை இனி அது தாங்காது. அப்படியே விட்டால் கார்டு போய்விடும். இறக்கினால் உன் கை கடைசியாக வைத்தது போய்விடும். உன்மேல் கோபம் கோபமாக வந்தது. இதை நீயல்லவா செய்ய வேண்டும், ஏன்டி என் தலையில் கட்டிவிட்டுப் போனாய்?

துளித்துளியாக இறக்கினேன். ஒவ்வொரு தடவையும் ஓடவிட்டுப் பார்த்தேன். மணப்பெண்ணின் முகம் தெளிந்தது. அந்த மென்பொருளில் வேகத்தைச் சேமிக்க வேறு இடங்களும் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். இரண்டாவதில் என்னுடையதைச் சேமித்தேன். முதலாவதில் உன்னுடையது இருக்கிறது. அதை இனி ஓட்டமாட்டேன், அழிக்கவும் மாட்டேன்.

சாயங்காலம் பெண் வீட்டார் வந்து படத்தைப் பார்த்தார்கள். பெண்ணின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்புட்டு அழகா இருக்கு. யாரும்மா எடிட் பண்ணது?" என்று கேட்டார்கள். கடையில் நான் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தேன்.

"நாங்க ரெண்டு பேரும்" என்றேன்.