கால் இல்லாத கதிரையும் வராத பெஞ்சும்

இன்று காலையில் பங்களா வழியாகத் தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்கு ஏறும்போது வார்னிஷ் வாசம் மூக்கைத் துளைத்தது. இத்தனை வருஷம் என்னோடு கொழுந்தெடுத்த உன் ஞாபகம் வந்துவிட்டது, கூடவே கோபமும். நீ செத்துப்போனாய் என்பதற்காக உன்னிடம் பேசாமல் இருக்க என்னால் முடியாது.

அந்தக் கதிரைக்குத்தான் மறுபடி வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார்கள். மறக்க முடியுமா அதை? நம் தோட்டத்துத் துரை பங்களாவை வெளிநாட்டுக்காரர் வந்து தங்குகிற ஹோட்டலாக மாற்றிய சமயம், கூட்டித் துடைக்க நம் இரண்டு பேரையும் மலையிலிருந்து கூப்பிட்டார்கள். விறாந்தை நடுவில் பெரிய தேயிலை வேர் ஒன்று முண்டும் முடிச்சுமாகக் கிடந்தது. தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவளுக்கு வேரைக் கண்டால் அடுப்பைத் தவிர வேறென்ன தோன்றும்? "யாருடி விறகை இங்கன போட்டது?" என்று திட்டிக்கொண்டே, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனோம். நீ கோடரியையும் ஓங்கிவிட்டாய். துரை அலறியடித்து ஓடி வந்தார்.

"ஐயோ, வெட்டிறாதீங்க! அது உட்கார்ற கதிரை!"

"கதிரையா? கால் எங்கங்க?" என்றாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கொழும்பிலிருந்து யாரோ ஒருவர் சிலை மாதிரி செதுக்கி அனுப்பியதாம். சாய்ந்தால் முதுகை அப்படியே ஏந்திக்கொள்ளுமாம், அலுப்பெல்லாம் பறந்துவிடுமாம். துரை பெருமையோடு தடவிக் காட்டினார். நீ கோடரியைக் கீழே வைத்தாய்.

"அப்படின்னா, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக் கொட்டகையில எங்களுக்கும் ஒரு பெஞ்சு போட்டுக் குடுங்கய்யா. கூடையோட நின்னு நின்னு இடுப்பு விட்டுப்போச்சு."

"பாப்பம், பாப்பம்" என்றார்.

அந்தப் பாப்பம் எத்தனை வருஷத்துப் பாப்பம்! நீயும் விடாமல் கேட்டாய். இடமில்லை என்றார்கள். பலகை இல்லை என்றார்கள். உட்கார்ந்தால் எழும்ப மாட்டீர்கள் என்றும் ஒருநாள் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பலகை இல்லையாம்! நாம் கொழுந்தெடுத்த செடியை வேரோடு பிடுங்கி, யாரோ சாய்ந்துகொண்டு காப்பி குடிக்கக் கதிரை செய்யத் தெரிந்தது; நமக்கென்றால் ஒரு பலகைக்குப் பஞ்சம். நீ கடைசி வரை சாக்கை விரித்து ஈரமண்ணில்தான் உட்கார்ந்தாய். எழும்ப நான் கை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த இடுப்பு வலியோடுதான் போய்ச் சேர்ந்தாய். இன்னும் ஆறவில்லையடி எனக்கு.

பின்னேரம் மடுவத்தில் கொழுந்து நிறுக்க நின்றபோது துரை வந்தார். பங்களாவுக்கு அதே மாதிரி இன்னும் கதிரைகள் வருகின்றனவாம், நாளைக்குத் துடைக்க வரச் சொன்னார்.

"வாரேங்க. எங்க பெஞ்சு என்னாச்சுங்க?"

"அதைக் கேட்டுக்கிட்டிருந்த அம்மாதான் இப்ப இல்லையே" என்றார், வெகு லேசாக.

நான் கூடையை இறக்கி வைத்தேன்.

"அவ இல்லைங்க. நான் இருக்கேன். நான் கேக்குறேன்."

பின்னாலிருந்து ஒருத்தி, "நானும்தாங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் சொன்னாள். துரை மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நீ போனதோடு தொல்லை விட்டது என்று நினைத்திருக்கிறார்கள். உன் கேள்வி இப்போது என்னிடம் இருக்கிறது. நாளைக்கும் கேட்பேன். நான் போய்ச் சேர்ந்தாலும், கேட்பதற்கு வரிசையில் ஆள் நிற்கிறது.